தீவனப் பங்கு

செல்லாயிக்கு, தன் வயலில் விளைந்து அரசுக் களஞ்சியத்துக்குப் போன மக்காச்சோளத்தைத் தன் மகளுக்கு ஊட்ட வழி தெரியவில்லை. பயிர்களைப் பயன்வாரியாகப் பிரிக்கிற வகைப்பாட்டுத் துறை, இந்த ஆண்டு அதைத் தீவனத்தில் சேர்த்துவிட்டது. காதில் வில்லை மாட்டிய மாடு வந்து நின்றால்தான் களஞ்சியக் கதவு திறந்து அதன் பங்கைக் கொட்டும்.

"போன வருசம் இதத்தானேய்யா தின்னோம்?"

"போன வருசம் அது உணவு, அக்கா," என்றார் களஞ்சியக் காவலர் பிச்சைமுத்து. "இப்ப மாடு இருந்தா ஓட்டிக்கிட்டு வாங்க."

மூன்று நாளாகத் தண்ணீர் மட்டுமே குடித்த மகள் இடுப்பில் துவண்டு கிடந்தாள்.

"இவளக் கன்னுக்குட்டின்னு எழுதிக்கய்யா."

அவர் சிரிக்கவில்லை, படிவத்தை எடுத்தார். "பயனையும் சொல்லணும்க்கா. பாலா, உழவா, கறியா?"

"உழவு."

குழந்தையின் வலது காதில் வில்லையைக் குத்தினார். கதவு திறந்து, ஒன்றரைக் கிலோ மக்காச்சோளத்தைக் கொட்டியது.