நரைக்காத முடி

"ரொம்ப நல்லா இருக்குடி! புருஷன் அங்க பட்டினி கிடக்கிறான், நீ இங்க தலைக்குக் கலர் அடிச்சுக்கிட்டு இருக்க!"

குளியலறை வாசலில் நாத்தனார் நின்றாள். பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்தவள். கையில் பழப் பை.

உள்ளே நின்றவள் திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்துப் பிரஷ்ஷால் பூசிக்கொண்டே இருந்தாள். ப்ளீச் நெடி கண்ணைக் கரித்தது.

"என்ன கலரு அது?"

"சில்வர், அண்ணி."

"சில்வரா! அவனவன் நரையை மறைக்கப் படாத பாடு படறான். இந்த வயசுலயும் உனக்கு ஒரு முடி வெளுக்கல. அது பொறுக்கலையாக்கும்?"

நாத்தனாரின் தலை மை தடவியது போலக் கறுத்திருந்தது. அறுபதைத் தாண்டியும்.

"முதல் தடவை ஆரஞ்சாப் போயிடுச்சு அண்ணி. கறுப்பு முடி லேசுல விடமாட்டேங்குது. அதான் மறுபடியும்."

"அந்தக் கூத்து வேற நடந்துச்சா? நெத்தியெல்லாம் கொப்பளிச்சுக் கிடக்கு, எரியலையா?"

"எரியுது."

"நல்லா எரியட்டும். டாக்டர் என்ன சொன்னாரு?"

"இப்படியே சாப்பிடாம இருந்தா மூக்குல டியூப் போடணுமாம். பிடுங்கிடாம இருக்கக் கையைக் கட்டித்தான் வைக்கணும்னாரு."

நாத்தனார் பையைக் கீழே போட்டுவிட்டு அறைக்குள் ஓடினாள்.

கட்டிலின் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார் தம்பி. ஊரெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷனுக்கு இப்போது சொந்த வீட்டில் குளியலறைக்கு வழி தெரியாது.

"ஏறுறவங்க சீக்கிரம் ஏறுங்க. வண்டி கிளம்பணும்" என்றார் அக்காவைப் பார்த்து.

"நான்தான்டா, அக்கா. ஒரே ஒரு வாய் வாங்கிக்கடா."

கட்டிலருகே ஆறிக் கிடந்த சோற்றில் ஒரு கவளம் எடுத்து நீட்டினாள். கையைத் தட்டிவிட்டார். சாப்பாடு சுவரில் தெறித்தது.

"யாரு நீங்கல்லாம்? என்னத்தைக் கலந்து குடுக்கறீங்க?"

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"உன் கையாலயும் வாங்கறதில்லையா?"

"என்னைக் கண்டாத்தான் ரொம்பப் பயம். விஷம் வைக்க வந்தவன்னு கத்தறாரு."

"அப்படி இருக்கறப்போ உனக்கு அலங்காரம் கேக்குதா? கல்லுடி உன் மனசு. கல்லு!"

அவள் குழாயைத் திறந்து தலையைக் கொடுத்தாள். தண்ணீர் பட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டாள். துவட்டி நிமிர்ந்தபோது தலை முழுக்க வெள்ளி.

வகிடு எடுக்காமல் மொத்தத்தையும் பின்னால் இழுத்து வாரினாள். பிடரியில் சின்னதாக ஒரு கொண்டை. பீரோவின் அடியிலிருந்து சாயம் போன பழுப்புப் புடவை ஒன்றை எடுத்துக் கட்டி, முந்தானையை இரண்டு தோளிலும் போர்த்திக்கொண்டாள்.

அந்தப் புடவை நாத்தனாருக்குத் தெரியும். அந்தக் கொண்டையும் தெரியும். இறந்துபோன தன் அம்மாதான் தட்டை எடுத்துக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது.

"சின்னவனே, பசிக்குதாடா?"

கணவரை அவள் 'டா' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அம்மா! எங்கம்மா போயிட்ட இத்தனை நாளா?"

வாயைத் திறந்தார். ஒரு வாய். இன்னொரு வாய். குழந்தை மாதிரி அவசர அவசரமாக விழுங்கினார்.

நாத்தனார் கதவைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டாள். மகளான தனக்குத்தான் அம்மாவின் அதே முகவெட்டு. சாயத்தை விட்டிருந்தால் அதே நரையும் இருந்திருக்கும். இத்தனை நாளில் ஒரு தடவையாவது வந்து பார்த்திருந்தால்...

தட்டு காலியாகும் நேரத்தில் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, இங்க ஒரு பொம்பளை இருக்கா. கறுப்பு முடிக்காரி. என் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு அழறா. எனக்குப் பயமா இருக்கும்மா. அவளைப் போகச் சொல்லேன்."

அவள் கடைசிக் கவளத்தை உருட்டி அவர் வாயில் வைத்தாள்.

"போயிட்டாடா கண்ணா. இனிமே அவ வரமாட்டா."