கோலாலம்பூரில் முதுகுவலி

2024 ஜூலை 8, திங்கட்கிழமை, முற்பகல் பதினொரு மணி. திண்டுக்கல்லில் காற்று அசையாத புழுக்கம். தலைமையாசிரியர் ராயப்பராஜ் தம் அறைக் கதவைச் சாத்தினார்.

“முதுகுவலின்னு ஒரு வாரம் மெடிக்கல் லீவு. ஆனா கோலாலம்பூர் கச்சேரியில குதியாட்டம். வேலை போயிரும், பிராங்கிளின்.”

கணித ஆசிரியர் பிராங்கிளின் கைகளைக் கட்டிக்கொண்டார்.

“மச்சான்தான் இழுத்துட்டுப் போனாரு சார். தூங்கிருவோம்னு நெனச்சுதான் உக்காந்தேன். டிரம்ஸ் ஆரம்பிச்சதும் என்னையே மறந்துட்டேன்.”

“மறந்து, நாற்காலி மேல ஏறிச் சட்டையைச் சுழட்டுனீரே!”

“அது எப்படி சார் தெரியும்?”

“வீடியோ பாத்தேன்.”

“வாசல்லயே எல்லாரு போனையும் வாங்கி வச்சுட்டாங்களே சார்.”

ராயப்பராஜ் மேசைமேல் இருந்த கோப்பைப் புரட்டத் தொடங்கினார். பிராங்கிளின் விடவில்லை.

“அந்த வாரம் நீங்களும் வேளாங்கண்ணித் தியானத்துக்குன்னு லீவு போட்டிருந்தீங்க.”

ராயப்பராஜ் பேனாவைத் திறந்தார்.

“என்னா அடி அடிச்சான்யா அந்த டிரம்ஸ்காரன்!” என்றபடி, விடுப்பை ஏற்றுக் கையொப்பமிட்ட ஆணையை நீட்டினார்.