கட்டைவிரல் பள்ளம்

பத்து மணிக்கு போலீஸ் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஏழு மணிக்கு நான் இன்னும் கார்க்கைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசல் இயந்திரம் என்னிடம் இல்லை. ரயில்வே பணிமனையில் முப்பத்து நான்கு வருடம் கடைசலில் நின்றவன் நான்; வீட்டிலும் அது வேண்டும் என்று தோன்றியதில்லை. டிரில்லை மேஜையோடு சேர்த்து இறுக்கிக் கட்டி, அதன் வாயில் மரை போட்ட ஒரு கம்பியைச் செருகினால் போதும். கம்பியில் பன்னிரண்டு கார்க் வளையங்களை நேற்றே பசை தடவிக் கோத்து வைத்திருந்தேன். அது சுழல, உப்புத்தாள் பட்டையை இரண்டு கையாலும் பிடித்தேன்.

தூண்டில் நரம்புச் சுருளைப் பொருத்தும் தேக்குத் துண்டும் நேற்றே முடிந்துவிட்டது. சதுரத்தை உளியால் எட்டுப் பட்டையாக்க வேண்டும். எட்டைப் பதினாறாக்க வேண்டும். அப்புறம்தான் அரம். அவசரப்பட்டால் ஒரு பக்கம் சப்பையாகிவிடும்.

நான் அவசரப்படவில்லை.

முக்கொம்புக்குக் கீழே, கொள்ளிடக் கரையில், ரத்தினவேல் என்ற மீன்காரர் மண்டை உடைந்து இறந்து கிடந்தார். பக்கத்தில் ஒரு தூண்டில் கம்பின் உடைந்த பிடி. நேற்றுக் காலை எஸ்.ஐ. சம்ரீன் வந்து போனில் அதன் படத்தைக் காட்டினார்.

"இந்த மாதிரி கையால செஞ்ச பிடி திருச்சியிலயே உங்ககிட்டதான்னு சொல்றாங்க ஐயா."

"கேட்டவங்களுக்கெல்லாம் செஞ்சு குடுத்திருக்கேன்மா. என் பையனோடது உள்ள பெட்டியில பூட்டியிருக்கு. சாவி அவன்கிட்ட. நாளைக்கு வாங்க, காட்டறேன்."

எங்கள் வீட்டில் பொய் பேசியவர் கிடையாது, நேற்றுக் காலைவரை.

படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என் மகன் ஆசீருக்காக நான் செய்த பிடி. அவன் இடது கைக்காரன். சாப்பாட்டில் அடித்தேன், எழுத்தில் அடித்தேன், மாதா கோயிலில் நன்மை அப்பம் வாங்க இடது கையை முன்னால் நீட்டியதற்கு வீட்டுக்கு வந்து பெல்ட்டால் அடித்தேன். முப்பத்தெட்டு வயதாகியும் இட்லியை இடது கையால்தான் பிய்ப்பான். நான் விட்டுக்கொடுத்த ஒரே இடம் அந்தப் பிடி. கட்டைவிரல் பதிகிற பள்ளத்தை இடது கைக்குத் தோதாகச் சாய்த்து அரத்தால் எடுத்தேன். பள்ளத்தின் சாய்வைப் பார்த்தாலே எந்தக் கை என்று தெரிந்துவிடும்.

நேற்று மாலை அவன் ஆபீஸிலிருந்து வந்ததும் கேட்டேன், தூண்டில் எங்கே என்று.

"போன மாசமே பஸ்ல விட்டுட்டேன்பா."

நம்பினேன். படத்தைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. தப்பு செய்யாதவனை எதற்குப் பதற வைக்க வேண்டும்?

ஆனால் ஸ்டேஷன் நம்புமா? ஒருமுறை அந்தப் படி ஏறிவிட்டால், பிறகு நிரபராதி என்றே ஆனாலும், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எங்கள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

அதனால் இன்னொரு கம்பு. பள்ளம் மட்டும் வலது கைக்கு.

பரணில் கிடந்த பழைய கம்பில் பிடியை ஏற்றி ஒட்டினேன். மருமகள் லின்சியிடம் டீ டிகாஷன் கேட்டேன். ஒரு டம்ளரில் கொண்டுவந்தவள், நான் அதைத் துணியில் நனைத்துப் பிடியில் தேய்ப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன மாமா, கார்க்குக்கெல்லாம் டீ குடுக்கறீங்க?"

"பழசா தெரியணும்."

அவள் சிரிப்பு நின்றது. குனிந்து பள்ளத்தைப் பார்த்தாள். "அவருக்கு இது இந்தப் பக்கம் சாயாதே மாமா..."

"இனிமே இந்தப் பக்கம்தான்."

அவள் விளக்குமாற்றை எடுத்துவந்து கார்க் தூளைக் கூட்டினாள். ஆசீர் குளித்துவிட்டு வந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன்: கேட்டால் இதுதான் என்று சொல், வலது கையால் பிடி.

ஜீப் ஒன்பதுக்கே வந்துவிட்டது.

சம்ரீன் கம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார்.

"புருவத்துல ஏதோ தூள் ஐயா."

"வேலைன்னா தூள் இருக்கத்தானே செய்யும்."

ஆசீர் தலையைத் துவட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்தான். போலீஸைப் பார்த்தான். மேஜையில் கிடந்த கம்பைப் பார்த்தான்.

"இது உங்களுதா சார்?" என்று சம்ரீன் கேட்டார். "கொஞ்சம் பிடிச்சுக் காட்டுங்க."

'என்னுது இல்லையே, என்னுது தொலைஞ்சு போச்சே' என்பான். உண்மை பேசுகிறவன் வேறு எதைச் சொல்வான்? அதைச் சொன்னால் நாங்கள் தொலைந்தோம். அதைச் சொல்ல வேண்டும் என்றும் நான் காத்திருந்தேன்.

அவன் துண்டைத் தோளில் போட்டான். என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு வலது கையை நீட்டிக் கம்பை எடுத்தான். கட்டைவிரல் பள்ளத்தில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

"என்னுதுதான் மேடம். மூணு வருஷமா இதுலதான் பிடிக்கறேன்."

குரல் நடுங்கவில்லை.

சம்ரீன் ஏதோ எழுதிக்கொண்டார். "தொந்தரவு குடுத்துட்டோம், தப்பா எடுத்துக்காதீங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜீப் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நிமிர்ந்து நின்றேன். எதிர்வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே லின்சி இட்லி வைத்திருந்தாள். ஆசீர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

வலது கையால்.

இடது கைப் பிடி கிடைத்ததை அவனிடம் யாரும் சொல்லவில்லை.

"உக்காருங்க மாமா" என்று லின்சி அவன் பக்கத்தில் எனக்குத் தட்டை வைத்தாள்.

நான் உட்காரவில்லை.