தொப்பியில் ஒட்டிய கூலி

ஃப்ரெஸ்னோ நகரின் மே மாத வெயிலில் கார் நிறுத்துமிடத்துத் தார் இளகிக் கிடக்கிறது. சமுதாயக் கல்லூரியின் பட்டமளிப்பு விழாவுக்கு இன்னும் இருபது நிமிடம். நாற்பத்து மூன்று வயது வெர்னா, கறுப்பு அங்கியின் கைகளைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, கார் முகப்பின்மேல் தன் சதுரத் தொப்பியை வைத்துப் பசை தடவி ஜிகினா எழுத்துகளை ஒட்டுகிறாள். மற்றவர்களின் தொப்பிகளில் காகிதப் பூக்கள், சிலுவைகள், "நன்றி அம்மா". இவள் தொப்பியில் ஓர் எண்: 1.10 டாலர். அவள் வேலை பார்க்கும் மனநலக் காப்பகம் இந்த உளவியல் பட்டத்துக்காக மணிக்குக் கூட்டித் தரப்போகும் சம்பளம். தம்பி டுவெயின் ஐஸ் டீயை உறிஞ்சியபடி எட்டிப் பார்க்கிறான். "ஏன்க்கா, ஆறு வருஷம் வேலை முடிஞ்சு கிளாஸுக்கு ஓடினதுக்கு ஒரு டாலர் பத்து சென்ட்டா? இந்த டீகூட வராது. இதை ஊருக்கே தம்பட்டம் அடிக்கணுமா?" "வெக்கப்பட வேண்டியது குடுக்கிறவன்டா. படிச்சவ நான் எதுக்கு மறைக்கணும்? கடைசி வரிசையில உக்காந்திருக்கவனுக்கும் தெரியட்டும்." கடைசிச் சுழியத்தைக் கட்டைவிரலால் அழுத்துகிறாள், விரலெல்லாம் பொன்துகள் மின்னுகிறது. பக்கத்துக் காரிலிருந்து அதே கறுப்பு அங்கியில் நரைமுடிக்காரி ஒருத்தி இறங்கி வருகிறாள். கையில் எதுவும் ஒட்டாத வெறும் தொப்பி. அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்க்கிறாள். "எனக்கு எழுபத்தஞ்சு சென்ட்தான்," என்கிறாள். "பசை மிச்சம் இருக்கா?"