வெள்ளைப் பக்கம்

"எந்தப் பக்கத்தை முன்னாடி வைக்கட்டும்?" என்று கேட்டாள் யோன்ஜா. சியோலில் இருந்த அந்த ஓவியக்கூடம் அவளுடையது. மூன்று மணிக்குக் கண்காட்சித் திறப்பு.

நடுவில் எட்டு மடிப்புத் திரை நின்றது. ஒரு பக்கத்தில், குழந்தைகளின் பண்டிகைச் சட்டைக் கையில் வரும் ஐந்து நிறப் பட்டைகள் உருவமே இல்லாமல் ஒன்றில் ஒன்று கரைந்தோடின. மறுபக்கம் வெறும் வெள்ளைக் காகிதம்.

"வெள்ளையத்தான். வெளிநாட்டுக்காரங்க அதுலதான் மயங்குறாங்க" என்றான் ஓவியரின் மகன் ஜெர்யோல்.

"என்ன சார் இது! நல்ல காரியம்னா கலர் பக்கம். சாவு விழுந்தாத்தானே வெள்ளையத் திருப்புவோம், பிணத்தை அதுக்குப் பின்னாடி கிடத்துவோம்? உங்கம்மா வரைஞ்சதே கலர் பக்கத்துலதானே?"

"அம்மா வீட்டுல இருந்தவரைக்கும் அவங்க இஷ்டம்தான் நடந்துச்சு. இப்ப நான் சொல்றதைச் செய்யுங்க."

யோன்ஜா பெருமூச்சோடு திரையைத் திருப்பினாள். "பாவம், இன்னிக்கு அவங்க பாத்திருக்கணும்."

மூன்று மணிக்குக் கூட்டம் நிறைந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு சக்கர நாற்காலி வந்தது. தள்ளி வந்தவள் முதியோர் விடுதி நர்ஸ்.

ஜெர்யோல் பதறிப்போனான். "அம்மா! உங்களுக்கு யாரு சொன்னா?"

"டிவியில சொன்னாங்க. நீதான் சொல்லலை."

கிழவி திரையை வெகுநேரம் பார்த்தாள்.

"நம்ம வீட்டுல யாருடா செத்தது?"

"யாரும் இல்லம்மா. இது சும்மா..."

அவள் நர்ஸ் பக்கம் திரும்பினாள்.

"என்னை அந்தத் திரைக்குப் பின்னாடி கொண்டுபோய் விட்டுடும்மா. எம் பையன் எனக்குப் போட்ட இடம் அதுதான்."