மூன்றாவது வளையம்

இருநூற்றுப் பதினாறு மணி நேரமாக அந்த நீலச் சைக்கிள் நகரவில்லை.

ஆனால் அதன் பின் சக்கரம் சுற்றியிருக்கிறது.

அவள் குனிந்து பார்த்தாள். நேற்று மாலை டயரின் உச்சியில் ஒயிட்னரால் ஒரு புள்ளி வைத்திருந்தாள். இப்போது அது அடியில், தரைக்குச் சற்று மேலே இருந்தது.

நூலக வாசலில் ஐந்தே ஐந்து இரும்பு வளையங்கள். மூன்றாவது வளையத்தோடு முன் சக்கரத்தைச் சேர்த்துச் சங்கிலிப் பூட்டு. பின்னால் ஸ்டாண்ட் போட்டிருந்தது.

சீட்டில் தூசி இல்லை.

டயரை அழுத்தினாள். கல் மாதிரி இருந்தது.

யாரோ வந்து இதைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

“என்னம்மா, தினமும் அதுக்கு ஜாதகம் பாக்க?” நூலகக் காவலாளி தொம்மை கேட்டைத் திறந்தபடி கேட்டார். “யாரு வண்டின்னு தெரிஞ்சாச் சொல்லு. நாளைக்கி கட்டரோட வந்து அள்ளிட்டுப் போயிருவாவ.”

கைப்பிடியில் மாநகராட்சியின் மஞ்சள் காகிதம் கட்டியிருந்தது. நிறுத்திப் பத்து நாளாகியும் எடுக்காத வண்டி பறிமுதல்.

அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் ஆறு மணிக்கே வந்து, அறிவிப்புப் பலகைக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

ஆறரைக்கு ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் காற்றுப் பம்பு. சட்டைப் பையில் எண்ணெய்ப் புட்டி.

காற்றடித்தார். லுங்கி நுனியால் சீட்டைத் துடைத்தார். செயினில் எண்ணெய் விட்டுப் பெடலை மெல்லச் சுற்றினார். புள்ளி மேலே வந்தது. கீழே போனது.

பிறகு மணியை ஒரே ஒரு தடவை அடித்தார்.

சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

“அண்ணாச்சி, ஒம்ம வண்டியா?” தொம்மை வந்துவிட்டார். “இன்னைக்கிதான் கடைசி நாளு. பூட்ட ஒடச்சு வீட்டுக்குக் கொண்டு போயிரும்.”

“எம் மவ வண்டி. இங்க வச்சுப் பூட்டிட்டுப் போனவதான். போன் எடுக்க மாட்டேங்கா.”

“அதுக்கு? இத வச்சா அவளப் பிடிக்கப் போறீரு?”

“வந்து பாக்கும்போது வண்டி இல்லன்னா, அப்படியே திரும்பிப் போயிருவா.” அவர் மஞ்சள் காகிதத்தின் மடிப்பை நீவிவிட்டார். “சாவிய கையோட கொண்டு போயிருக்கால்ல. வராதவளுக்குச் சாவி எதுக்கு?”

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார்.

தெருமுனையில் மாநகராட்சி லாரி திரும்பியது.

அவர் சைக்கிளின் முன்னால் போய் நின்றார். பம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

அவள் பலகைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். தானாக யாரிடமும் முதலில் பேசிப் பழக்கமில்லாதவள்.

பத்து நாளாகத் திறக்காத ஜிப் ஒன்று அவள் பையில் இருந்தது. அதைத் திறந்தாள்.

“சாவிய எங்கிட்டக் குடுத்துட்டுத்தான் போனா, மாமா.”