வாசலில் சொன்னது

"நான் உன்னைப் போன்னு சொல்லவே இல்லம்மா. வேணும்னா வீட்டையே கேப்போம்" என்றார் குணசீலன், போனில் மகள் செம்மலரிடம். பல வருடங்களாக இதே சண்டை.

வீட்டில் பேசும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வீடு ஒரு முத்திரை எண்ணைப் போட்டுவைக்கும். பேச்சைச் சேமிக்காது; யாராவது திரும்பச் சொன்னால் அன்றைய எண்ணோடு பொருந்துகிறதா என்று மட்டும் சொல்லும். ஒரு சொல் பிசகினாலும் எண் மொத்தமாக மாறிவிடும்.

மகள் பெட்டியோடு கிளம்பிய அன்று வாசலில் தான் சொன்னதாக நினைவிருந்ததை அவர் அப்படியே திரும்பச் சொன்னார். "இரும்மா, காலையில பேசிக்கலாம்."

"பொருந்தவில்லை" என்றது வீடு.

சொல்லை மாற்றி 'பேசலாம்' என்றார். 'நாளைக்கு' என்றார். எதுவும் பொருந்தவில்லை. மனைவி திலகவதியைப் பார்த்தார்.

"நீங்க முதல்ல சொன்னதுதாங்க. எனக்கும் அப்படித்தான் ஞாபகம்." அவளும் குழம்பினாள்.

செம்மலர் தன் போனில் ஒரு வாக்கியத்தைத் தட்டினாள். வீட்டுக்கு அதன் எண் மட்டும் வந்து சேர்ந்தது.

"பொருந்துகிறது."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப நான் என்னதாம்மா சொன்னேன்?"

செம்மலர் தட்டிய வாக்கியத்தை அழித்தாள்.

"விடுங்கப்பா. மாத்திரை போட்டீங்களா?"